கயிறு சுருட்டுகிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், சின்ன விளையாட்டுகள் எப்படி வளரும் என்று எழுதியிருந்தார். முதலில் நாடு முழுக்க ஊர் ஊராகப் போட்டிகள் நடக்கும் ஒரு பெரிய டூர் நடத்த வேண்டும், நல்ல பரிசுப் பணம், நேரடி ஒளிபரப்பு, பெரிய ஸ்பான்சர் இதெல்லாம் வந்துவிட்டால் சங்கம், கிளப், மைதானம் எல்லாம் தானாகப் பின்னால் வரும் என்பது அவர் வாதம். அதற்கு உதாரணமாக அமெரிக்காவின் டிஸ்க் கால்ஃபைக் காட்டியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உதாரணம் அப்படியே தலைகீழ். நான் மதுரைக்காரன். தென் கரோலினாவில் ராக் ஹில் என்ற ஊருக்கு வந்து பதினோரு வருஷமாகிறது, அதில் ஒன்பது வருஷமாகச் சனி ஞாயிறுகளில் இந்த விளையாட்டின் போட்டிகளுக்குக் கூடமாட வேலை செய்து வருகிறேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கால்ஃப் மாதிரியே ‘டீ’ என்ற தொடக்க இடத்திலிருந்து தொடங்கி 18 ‘குழி’ ஆட வேண்டும், ஆனால் தரையில் குழி கிடையாது, கம்பத்தில் மாட்டிய ஓர் இரும்புக் கூடையும் அதற்கு மேலே தொங்கும் சங்கிலிகளும்தான். பந்துக்குப் பதில் தட்டு, மட்டைக்குப் பதில் கை. யார் குறைந்த எறிதலில் முடிக்கிறாரோ அவர் வென்றார். மைதானம் பெரும்பாலும் பொதுப் பூங்காவில் இருக்கும், கட்டணம் கிடையாது, ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழும்போது பெரிய சாவிக்கொத்தை மேஜையில் போட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் எல்லாரும் அடிமை.

சரி, வருஷங்களைப் பாருங்கள். வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனியில் ஃப்ரிஸ்பி என்ற எறிதட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த எட் ஹெட்ரிக், கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை 1975ல் போட்டார். அடுத்த வருஷமே, 1976ல், பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தை ஆரம்பித்தார். அந்தச் சங்கம் ‘நேஷனல் டூர்’ என்று ஒன்றைத் தொடங்கியது 2003ல். நடுவில் 27 வருஷம். அந்த 27 வருஷமும் சும்மா போகவில்லை. விதிப் புத்தகம், உறுப்பினர் எண், தட்டுக்கும் கூடைக்கும் அளவு, உலக சாம்பியன்ஷிப், ஊர் ஊராகச் சின்னப் போட்டிகள் என்று அடித்தளம் போட்டார்கள். இன்று ஊடகத்தில் தெரியும் ‘டிஸ்க் கால்ஃப் ப்ரோ டூர்’ பிறந்தது 2016ல்தான், அதாவது சங்கம் வந்து 40 வருஷம் கழித்து. டூர் முதலில் வந்தது, சங்கம் பின்னால் வந்தது என்று இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் சொல்ல முடியாது.

இதில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிற விஷயம் வேறொன்று. ஹெட்ரிக் வெறும் சங்கத் தலைவர் மட்டும் இல்லை, சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவரும் அவர்தான், அதைச் செய்து விற்ற கம்பெனியும் அவருடையதுதான். கூடை விற்கிறவரே எந்தக் கூடை சரியான கூடை என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர் விளையாட்டுச் சங்கங்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எண்பதுகளின் ஆரம்பத்திலேயே சங்கத்தை ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார். தன் கையால் உண்டாக்கியதை, தான் நல்ல நிலையில் இருக்கும்போதே, அதை ஆடுகிறவர்களிடம் விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. 2002ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். பலர் அந்தக் கதையை மட்டும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சங்கத்தை விட்டுக்கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். இன்று பிடிஜிஏவின் நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அன்றாட வேலைக்குச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் ஜார்ஜியா மாநிலத்தில் ஆப்ளிங் என்ற சின்ன ஊரில், ஒரு பூங்காவுக்குள் இருக்கும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். வாசலைத் தாண்டினால் மைதானம்.

இப்போது ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

பிடிஜிஏ போட்டிகளுக்குத் தரம் உண்டு. அடிமட்டத்தில் சி, அதற்கு மேல் பி, ஏ, அப்புறம் டூர் போட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலே மேஜர். நான் சொல்வது ஒரு சி. எங்கள் டோர்னமெண்ட் டைரக்டர், எல்லாரும் டிடி என்றுதான் கூப்பிடுவோம், வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலை ஐந்தே முக்காலுக்கு நான் பூங்காவுக்குப் போனபோது அவர் ஏற்கெனவே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ஏழாவது குழிப் பக்கம் சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டிருந்தார். ஓபி கோடு அது, அதாவது ஆட்ட எல்லை, தட்டு தாண்டி விழுந்தால் ஓர் எறிதல் அபராதம். முந்தின நாள் மழையில் ஓடைக்கரை கொஞ்சம் சரிந்துவிட்டது, கோட்டை உள்ளே தள்ளாவிட்டால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்று தனியாக வந்து மாற்றிக்கொண்டிருக்கிறார். புல்லில் பனி, அவருடைய பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. எழுபத்திரண்டு பேர் ஆட்டம். குழிக்கு நான்கு பேராக நிறுத்தி, ஹார்ன் அடித்ததும் 18 குழியிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. நடுவில் இடி இடித்தால் நிறுத்த வேண்டும், யாராவது வராமல் போனால் சேர்ந்து ஆடும் குழுக்களை மாற்ற வேண்டும், ‘என் மகனை ஏன் பெரியவர்களோடு போட்டீர்கள்’ என்று கேட்கும் அம்மாவுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர் ஸ்கோர்களைச் சங்கத்தின் தளத்தில் ஏற்றி முடித்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். ‘கயிறு உன் காரிலேயே இருக்கட்டும், அடுத்த மாதம் வேண்டும்.’ இதற்கெல்லாம் அவருக்குக் கையில் நிற்பது பெட்ரோல் செலவுக்குக்கூடச் சரியாகப் போதாது.

இந்த விளையாட்டில் சின்னப் போட்டிகளில் நடுவர் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்று எறிந்தால், எறிந்த பிறகு சமநிலையில் நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே கால் வைக்கலாம், தடுமாறி முன்னால் போய்விட்டால் அபராதம். அதை உடன் ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். அன்று மதியம் பதினாறாவது கூடையில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், இந்த ஊரில் எல்லாருக்கும் அண்ணன் மாதிரி, எறிந்த வேகத்தில் ஓரடி முன்னே வைத்துவிட்டார். கூட ஆடிய கல்லூரிப் பையன் முகம் சிவந்துபோய், ‘சார், மன்னிக்கணும், கால்...’ என்றான். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மூன்றாமவர் மெதுவாக, ‘ஆமாம், நானும் பார்த்தேன்’ என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டுத் தன் கணக்கில் ஒன்று கூட்டிக்கொண்டு அடுத்த டீக்கு நடந்தார். தன்னைவிட நாற்பது வயது பெரியவரிடம் தவறைச் சொல்ல அந்தப் பையனுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? அச்சடித்த விதி ஒன்று இருக்கிறது, அது எல்லாருக்கும் பொது, அதை மாற்ற டிடிக்கோ ஸ்பான்சருக்கோ அதிகாரமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும், அங்கிருந்துதான் வந்தது. ஒரு தேசியச் சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பதினாறாவது கூடையைத்தான் சொல்வேன்.

சங்கத்தின் இன்னொரு சொத்து ரேட்டிங். இதுவும் வெளியே தெரியாது. ஒவ்வொரு மைதானமும் ஒரு மாதிரி, காற்றும் தினம் ஒரு மாதிரி, அப்புறம் எப்படி ஒப்பிடுவது? அந்தச் சுற்றில் ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதை வைத்து அன்றைய மைதானத்துக்கு அளவுகோல் போட்டு, அதிலிருந்து ஒவ்வொருவர் சுற்றுக்கும் எண் கொடுக்கிறார்கள். ஆயிரம் என்பது நல்ல ப்ரோ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரரின் அளவு. பக்கத்துப் பூங்காவில் ஆடும் பதினான்கு வயதுப் பெண்ணும் 2022ல் உலக சாம்பியனான கிறிஸ்டின் டாட்டரும் ஒரே ஏணியில்தான் நிற்கிறார்கள், ஒருவர் கீழ்ப்படியில், ஒருவர் மேல்படியில், அவ்வளவுதான். யார் எந்தப் பிரிவில் ஆடலாம் என்பதற்கும் அதே எண்தான், அதனால் நன்றாக ஆடுகிறவன் கீழ்ப்பிரிவில் புகுந்து பரிசை அள்ளிக்கொண்டு போக முடியாது. இந்த ஏணி நிற்பது எதன் மேல்? பேருந்து ஓட்டுநர் ராத்திரி பத்து மணிக்கு ஏற்றிய ஸ்கோரின் மேல். அவரைப் போல ஊர் ஊராக இருக்கிறவர்கள் ஒரு வருஷம் அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டால் டூர் மட்டும் டிவியில் ஓடும், கீழே ஒன்றும் இருக்காது.

டூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021ல் யூட்டாவில் ஆக்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், கடைசிக் குழியில் பால் மெக்பெத்துக்கு ஓர் எறிதல் பின்னால் இருந்த ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்தது நேராகக் கூடைக்குள் விழுந்து, ஆட்டம் சமனாகி, ப்ளேஆஃப் என்ற கூடுதல் ஆட்டத்துக்குப் போய், அவரே வென்றாரே, அந்த வீடியோவை எனக்கு வாட்ஸ்அப்பில் மதுரையிலிருந்து என் தம்பி அனுப்பினான். டிஸ்க் கால்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவன். அதே வருஷம் தட்டு செய்யும் டிஸ்க்ராஃப்ட் கம்பெனி மெக்பெத்தோடு பத்து வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. இதெல்லாம் டூர் கொண்டுவந்த வெளிச்சம், மறுக்க முடியாது. கொரோனா காலத்தில் வெட்டவெளியில் தள்ளி நின்று ஆடக்கூடிய விளையாட்டு என்பதால் கூட்டம் வந்து குவிந்தது, சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 2019ல் ஐம்பதாயிரத்துச் சொச்சமாக இருந்தது 2021ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களை வாங்கி உட்காரவைக்க மைதானமும் கிளப்பும் சி போட்டியும் தயாராக இருந்தன என்பதுதான் விஷயம்.

ஆனால் டூரை யார் நடத்துவது? 2016லிருந்து 2021 வரை இங்கே இரண்டு டூர்கள் ஓடின. ஒன்று சங்கத்தின் நேஷனல் டூர், மற்றது தனியார் ப்ரோ டூர். இரண்டு புள்ளிப் பட்டியல், இரண்டு பட்டம், இரண்டுக்கும் ஓடும் ஒரே வீரர்கள். வேனிலேயே தூங்கி எழுந்து ஊர் ஊராகப் போகும் இளம் வீரர்களுக்கு எதை விடுவது எதைப் பிடிப்பது என்ற குழப்பம். கடைசியில் சங்கம் நேஷனல் டூரை நிறுத்திவிட்டு 2022லிருந்து ப்ரோ டூரையே தன் அதிகாரபூர்வ டூராக ஏற்றுக்கொண்டது. விதி, ரேட்டிங், அங்கீகாரம், எது மேஜர் என்று சொல்லும் உரிமை சங்கத்திடம். கேமரா, டிக்கெட், ஸ்பான்சர், லாப நஷ்டம் டூர் கம்பெனியிடம். அந்தச் சமயம் சங்கம் தோற்றுவிட்டது என்று இங்கே பலர் பேசினார்கள், நானும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். இப்போது யோசித்தால் அது சரியான முடிவு என்றுதான் படுகிறது. வியாபாரம் ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் விழும். விழுகிற வருஷத்தில் சி போட்டி நடத்துகிறவனின் விதிப் புத்தகமும் சேர்ந்து விழக்கூடாது.

இரண்டும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சில வருஷம் முன்பு இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கிளப், பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான், ஐந்து ஊர்களைச் சேர்த்து ஒரு குட்டி டூர் ஆரம்பித்தார்கள். கிளப் பணத்துக்கும் டூர் பணத்துக்கும் ஒரே வங்கிக் கணக்கு, கையெழுத்துப் போடுகிறவரும் ஒருவரே. இந்த விளையாட்டில் சின்னப் போட்டிகளின் பரிசுப் பணத்தில் பெரும்பகுதி ஆடுகிறவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணம்தான், மேலே முடித்தவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பது, அவ்வளவே. முதல் இரண்டு போட்டியின் பணத்தை எடுத்து வீடியோ எடுக்கிறவருக்குக் கொடுத்தார்கள், ஸ்பான்சர் பணம் வந்ததும் சரிக்கட்டிவிடலாம் என்று. ஸ்பான்சர் பணம் வரவில்லை. மூன்றாவது போட்டியில் நான் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பரிசு உறை வாங்க வந்தவர்களிடம் ‘அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறோம்’ என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. அதில் ஒரு பெண், ப்ரோ பிரிவில் முதல் தடவை பணம் ஜெயித்தவர், ‘பரவாயில்லை, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று காலி உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான். பணம் நான்கு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது, டூர் அந்த வருஷத்தோடு முடிந்தது, கிளப்பும் பாதியாகக் கரைந்தது. யாரும் திருடவில்லை. ஆனால் ஆட்டக்காரர் கட்டிய பணம் ஆட்டக்காரருடையது என்று எடுத்துச் சொல்ல அங்கே தனியாக ஆளில்லை.

இதற்கு நேர் எதிராக, கான்சாஸில் எம்போரியா என்று ஓர் ஊர். இருபத்தைந்தாயிரம் ஜனம்கூட இருக்காது. அங்கே வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்கு ஊரே கூடும், கடைத்தெருவை மூடித் திருவிழா மாதிரி நடத்துவார்கள், 2022ல் உலக சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. ஒரே நாளில் வந்ததில்லை அது, வருஷக்கணக்காக அமெச்சூர் ஆட்டக்காரர்களை நூற்றுக்கணக்கில் வரவழைத்து, ப்ரோக்கள் ஆடும் அதே வாரத்தில் அவர்களையும் ஆடவைத்து வளர்த்தார்கள். ஃபின்லாந்திலும் அப்படித்தான். நகராட்சிகளே பூங்காக்களில் மைதானம் போட்டுக்கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாயங்காலம் போய் எறிந்து பழகி, அப்புறம்தான் எவெலீனா சலோனென் மாதிரி 2024ல் உலக சாம்பியனாகும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள், 2025ல் உலக சாம்பியன்ஷிப்பும் அந்த நாட்டுக்கே போனது.

எங்கள் ஊரிலேயே அக்டோபர் மாதம் வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் யுஎஸ் சாம்பியன்ஷிப் நடக்கும், 1999லிருந்து நடக்கிறது. ஏரியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி எல்லை போடுவார்கள், எத்தனை ஆயிரம் அடி என்று நான் அளந்ததில்லை. பதினேழாவது குழியில் வைக்கோல் கட்டுகள் சூழ்ந்த திட்டுக்குள் தட்டை நிறுத்த வேண்டும், நிறுத்த முடியாமல் பட்டத்தை இழந்தவர்கள் உண்டு. அதைப் பார்க்கத்தான் கூட்டம். ஞாயிறு சாயங்காலம் கோப்பை கொடுத்து, கேமராக்காரர்கள் கிளம்பிய பிறகு நாங்கள் ஒரு முப்பது பேர் அந்தக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பிப்போம். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்றினால் சிக்கு விழாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா, அவர் ஒரு நாளும் தட்டு எறிந்ததில்லை, பேரன் ஆடுகிறான் என்பதற்காக வருகிறவர்.

சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃப்ரிஸ்பி ஆடும் பிள்ளைகளை ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், என்ன அருமையாக எறிகிறார்கள்! அவர்களில் யாராவது டிஸ்க் கால்ஃபையும் ஆரம்பிக்க நினைத்தால், உங்கள் வாசகர் சொன்னபடி ஸ்பான்சரைத் தேடிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மடக்கி எடுத்துப்போகும் கூடை இரண்டு வாங்குங்கள். பிடிஜிஏவின் விதிகளைத் தமிழில் எழுதி ஒரு நோட்டில் ஒட்டுங்கள். மாதம் ஒரு ஞாயிறு, பத்துப் பேர் வந்தாலும் போட்டி நடத்தி, ஸ்கோரைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கட்டணம் பத்து ரூபாயாக இருந்தாலும் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் போட்டி நடத்தாதவராக இருக்கட்டும். விதிகளைத் தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் தயார், என் மின்னஞ்சல் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். டிசம்பரில் மதுரை வருகிறேன், பெட்டியில் இருபது தட்டுகளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ராக் ஹில், தென் கரோலினா